முந்திக்கொண்டவர்

மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் அவர் வாடகையைப் பேசி முடித்துவிட்டார். நான் முன்னால் ஏறிக்கொண்டிருந்தேன், அவர் எனக்குப் பின்னால். மூன்றாவது படியில் "எவ்ளோ?" என்றார். சொன்னேன். "தண்ணி, கரண்ட்டு சேர்த்துதானே?" என்றார். "ஆமாக்கா, ஆனா ஏசி..." என்று நான் இழுத்ததுமே, "ஏசி வேணாம், ஃபேன் போதும். நாளைக்கு வந்துர்றேன்" என்றார். கதவைத் திறந்து அறையைக் காட்டினேன். அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. சுவரடியில் இணையக் கம்பி உள்ளே வரும் ஓட்டையை மட்டும் குனிந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

பினாங்கு ஜார்ஜ் டவுனின் சூலியா தெருவில், பணம் மாற்றும் கடைக்கு மேல்மாடியில் எனக்கு ஒரு நீள அறை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், இறந்தவர்களுக்கான நினைவு அட்டை இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரில் வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். பாதி அறை சும்மா கிடந்ததால் வாடகைக்கு விட்டேன். அப்படி வந்தவர்தான் இவர். ஐம்பதைத் தொடும் வயது. கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை. அவர் பெயரை நான் ஒரு நாளும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அக்கா, அவ்வளவுதான்.

அக்கா நின்றுகொண்டே வேலை செய்வார். உயரமான மேசை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, இரண்டு திரைகளை வைத்து, அவற்றின் முன்னால் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிற்பார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாலும் பலகைத் தரை கிறீச்சிடும். மரத்தரை ஆனதால் அந்த அதிர்வு என் மேசைவரை வரும். முதல் வாரம் எனக்குத் தலைவலி வந்தது. பிறகு அது நின்றுபோனால்தான் தலையைத் தூக்கிப் பார்ப்பேன் என்றாகிவிட்டது.

என்ன வேலை என்று கேட்டேன். செம்பனை எண்ணெய் என்றார். எண்ணெயை அவர் கண்ணால் பார்ப்பதில்லை. மூன்று மாதம் கழித்து வரப்போகிற எண்ணெய்க்கு இன்றைக்கே விலை பேசி வாங்குவதும் விற்பதும்தான் தொழில். சந்தை கோலாலம்பூரில். முன்பு இங்கே பினாங்கிலேயே ஒரு தரகர் அலுவலகத்தில் ஃபோனில் ஆர்டர் எடுக்கும் வேலையில் இருந்திருக்கிறார். வாடிக்கையாளர் "வாங்கு" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அக்கா வாங்கியிருப்பாராம். அந்த அலுவலகம் மூடியபோது, சேர்த்துவைத்ததைக் கொண்டு தானே இறங்கிவிட்டார். நிரல் எழுதுவதை நாற்பத்தெட்டு வயதில், யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அந்தக் காணொளிகளையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் பார்ப்பார்.

"எனக்கு ரெண்டு கம்ப்யூட்டர்மா" என்று ஒரு நாள் சொன்னார். "இது ஒன்னு. இன்னொன்னு கேஎல்ல இருக்கு. அத நான் பாத்ததே இல்ல."

"அங்க யாரு வெச்சிருக்காங்க?"

"ஒரு கம்பெனி. மாச வாடகை. அது முழு கம்ப்யூட்டர் கூட இல்லலா. பெரிய மெஷினுக்குள்ள ஒரு ரூம் மாதிரி. சந்தைக்குப் பக்கத்துலயே இருக்கு. என் புரோகிராம் அங்க உக்காந்திருக்கு. இங்கேருந்து நான் ஒரு ஆர்டர் போட்டா போய்ச் சேர பத்து மில்லிசெகண்டுக்கு மேல ஆவும். அது போட்டா ஒன்னு."

"பத்துக்கும் ஒன்னுக்கும் என்னக்கா பெரிய வித்தியாசம்?"

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஒம்போது" என்றார்.

தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அந்தத் தொலைதூரக் கணினியிலிருந்து சந்தைக்கு எவ்வளவு நேரமாகிறது என்று நாடி பிடித்துப் பார்ப்பார். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக விழும். ஒன்று, ஒன்று, ஒன்று. எப்போதாவது மூன்று என்று விழுந்தால் அந்தக் கம்பெனிக்கு ஃபோன் போட்டுவிடுவார். ஒரே வருடத்தில் மூன்று கம்பெனி மாற்றினார். ஆர்டர் போடும்போது 'உறுதிதானா?' என்று கேட்கும் சின்னப் பெட்டி ஒன்று திரையில் வருமாம். அதை முதல் நாளே எடுத்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். "உறுதி இல்லாமயா அமுக்குறேன்?"

சந்தை மட்டுமில்லை, எல்லாவற்றிலும் அப்படித்தான். பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபெரியில் வருவார். படகு கரையைத் தொடும் முன்பே கதவருகில் முதல் ஆளாக நிற்பார். கீழே கடையில் தே தாரிக் கேட்க மாட்டார், தே ஓதான். "அவன் ஆத்தி முடிக்கிறதுக்குள்ள மார்க்கெட் மூடிரும்லா." பால் இல்லாத அந்தத் தேநீரையும் சூட்டோடு பாதி குடித்துவிட்டு மீதியை வைத்துவிடுவார். என் மேசைக்கு வரும் வாடிக்கையாளர்கள் பேசும்போது அங்கிருந்தே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், அவர்கள் வாக்கியத்தை முடித்துவைப்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

ஆனால் ஒரு முறை, மனைவியை இழந்த ஒரு பெரியவர் நினைவு அட்டைக்காக வந்தார். அட்டையில் என்ன எழுதுவது என்று கேட்டேன். "அவ வந்து... அவ..." என்று சொல்லி அப்படியே நின்றுவிட்டார். என் கை விசைப்பலகையில் காத்திருந்தது. அக்கா அந்தப் பக்கத்திலிருந்து, "நீ போட்ட சோறு இன்னும் கையில மணக்குது, நீதான் இல்ல. அதானேய்யா?" என்றார். பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆமாமா, அதான், அதையே போடு" என்றார். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏதோ ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.

அக்காவின் கணவருக்குப் பேச்சு திக்கும்.

துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். அகன்ற தோளும் நிதானமான நடையும். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். சந்தைக்கு மத்தியானம் இரண்டு மணி நேரம் ஓய்வு உண்டு. அந்த நேரத்துக்குச் சரியாகச் சாப்பாட்டைப் புங்குஸ் பொட்டலமாகக் கட்டி எடுத்துக்கொண்டு ஃபெரி ஏறி வருவார். படியில் அவர் காலடி கேட்டதும் அக்கா இங்கிருந்தே ஆரம்பித்துவிடுவார். அவர் "இ... இன்னைக்கு..." என்பார். "மீன் கெடைக்கல, அதான் முட்டை. பரவால்ல, குடுங்க." அவர் சிரித்துத் தலையாட்டுவார். "த... தங்கச்சி..." "ஃபோன் பண்ணா, ஈப்போவுல மழையாம். காலையிலயே மெசேஜ் போட்டா." அதற்கும் தலையாட்டுவார்.

கல்யாணத்தன்றே அது தொடங்கியதாம். கோயிலில் பாதிரியார் கேட்ட கேள்விக்குச் 'சம்மதம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் முதல் எழுத்திலேயே நின்றுவிட, பக்கத்திலிருந்து அக்கா "சம்மதம் ஃபாதர்" என்று சொல்லிவிட்டார். பாதிரியார், "உன் முறை இன்னும் வரலம்மா" என்றாராம். அக்கா இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பார். அண்ணனும் சிரிப்பார். இருபத்தாறு வருடமாக அவர் சொல்ல நினைப்பதை அவருக்கு முன்பே தெரிந்துகொள்ளும் ஒருத்தி அவருக்குக் கிடைத்திருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். எனக்கு அப்போது கல்யாணம் ஆகியிருக்கவில்லை. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரே ஒரு முறை அண்ணனும் நானும் தனியாக இருந்தபோது, எழுதிக் காட்டினால் சுலபமாக இருக்குமே என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "பே... பேச்சு வரும்மா. கொ... கொஞ்சம் நேரம் ஆவும். அ... அவ்ளோதான்" என்றார். அந்தச் சின்ன வாக்கியத்தைச் சொல்லி முடிக்கும்வரை நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் வழக்கத்துக்கு மாறாகக் காலை பத்து மணிக்கே வந்தார். கையில் சாப்பாடு இல்லை. படியில் வேகமாக ஏறி வந்ததால் மூச்சு வாங்கியது. சந்தை திறக்க அரை மணி நேரம்தான் இருந்தது. அக்கா இரண்டு திரைக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தார்.

"லை..." என்றார் அண்ணன்.

"லைசென்ஸ். அடுத்த மாசம் முடியுது, தெரியும். புதுப்பிச்சுக்கலாம்."

அவர் தலையை இடம் வலமாக ஆட்டினார். "இ... இல்ல. லை... லை..."

"லைட் பில்லா? கட்டிட்டேங்க."

அவர் கையைத் தூக்கி ஜன்னல் பக்கம் காட்டினார். அக்கா அவர் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பினார். "மத்தியானம் பேசலாங்க. மார்க்கெட் திறக்கப் போவுது. ப்ளீஸ்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஃபோனில் ஒரு கல்யாண வீட்டுக்காரரிடம் தங்க எழுத்தா வெள்ளி எழுத்தா என்று பேசிக்கொண்டிருந்தேன். ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல், வாங்கண்ணே என்பதுபோலக் கையை அசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். அவர் இன்னும் சற்று நேரம் கதவருகே நின்றார். பிறகு இறங்கிப் போனார். அன்றைக்குத்தான் அவர் படியில் சத்தமாக இறங்கிக் கேட்டேன்.

பதினொரு மணிக்கு இணையம் நின்றது.

அக்கா முதலில் அலட்டிக்கொள்ளவில்லை. "இதுக்குத்தானே கேஎல்ல வாடகை கட்டுறேன். இங்க கரண்ட் போனாலும் லைன் போனாலும் அது பாட்டுக்கு ஓடும்" என்றார். அதுதான் பிறகு பயமாக மாறியது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நிரல் எண்ணெயை வாங்கி வைத்திருக்கிறது, விலை இறங்குகிறது, நிறுத்தச் சொல்ல இவரால் முடியவில்லை. ஃபோனின் இணையத்தைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார். பழைய கட்டடத்தின் தடித்த சுவர்களுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். தெருவில் எல்லோரும் அதே நேரத்தில் ஃபோனுக்கு மாறியிருப்பார்கள் போல. கோலாலம்பூர்க் கணினியின் திரை ஒருவழியாக வந்தது. வந்து, அப்படியே உறைந்து நின்றது.

அக்கா விற்கும் பொத்தானை அழுத்தினார். திரை அசையவில்லை. மறுபடி அழுத்தினார். "ஏய்... வாடா" என்று இன்னொரு முறை. பிறகு எண்ணவில்லை. டக் டக் டக் என்று சுட்டியின் சத்தம் மட்டும் கேட்டது. நான் எழுந்து பக்கத்தில் போய் நின்றேன்.

ஒரு நிமிடம் இருக்கும். திரை உயிர் பெற்றது. அக்காவின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன்.

அவர் அழுத்தியவை எதுவும் தொலைந்துபோகவில்லை. வழியில் வரிசையாகக் காத்திருந்துவிட்டு, ஒன்பதும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்திருந்தன. சந்தையின் வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் அந்தக் கணினி, உறுதிதானா என்று யாரையும் கேட்காமல், ஒன்பது முறையும் விற்றுவிட்டது. முதல் முறை விற்றதில் கையிலிருந்தது தீர்ந்துவிட்டது. மீதி எட்டும் இவரிடம் இல்லாத எண்ணெயை விற்றதாக ஆகிவிட்டன. இனி விலை இறங்கினால் லாபம், ஏறினால் நஷ்டம். திரை மீண்டும் உறைவதற்கு முன் நாங்கள் கடைசியாகப் பார்த்தது விலை திரும்பி மேலே போவதை.

தரகர் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார். இசை ஒலித்தது. இடையிடையே ஒரு பெண் குரல், தயவுசெய்து காத்திருங்கள் என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் சொன்னது. அக்கா ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்குமாக நடந்தார். நடக்க நடக்க வேகம் கூடியது. ஒரு தடவை என் நாற்காலியில் இடித்துக்கொண்டார், அதுகூட அவருக்குத் தெரியவில்லை. பதினொரு நிமிடம் கழித்து ஒரு மனிதர் எடுத்தார். அக்கா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். அவர், "மேடம், மெதுவா, மறுபடி சொல்லுங்க" என்றார். மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.

விற்றதையெல்லாம் ஏறிய விலைக்குத் திரும்ப வாங்கி முடித்து ஃபோனை வைத்தபோது இரண்டு வருடச் சேமிப்பு போயிருந்தது. எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டரை ஆனது. ஒரு மணி ஆனது. அண்ணன் வரவில்லை. ஃபோனையும் எடுக்கவில்லை. "வாம்மா, கீழ போய்ப் பாப்போம்" என்று அக்கா என்னை இழுத்துக்கொண்டு இறங்கினார். தெருமுனையில் சாலையைத் தோண்டிக் கம்பி மாற்றிக்கொண்டிருந்தார்கள். குழிக்கு மேலே மஞ்சள் சட்டை போட்ட தமிழ் இளைஞர் ஒருவர் நின்றார். அக்கா அவரிடம் பாய்ந்தார். "லைன வெட்டுறதா இருந்தா முன்னாடியே சொல்ல மாட்டீங்களா?"

"சொன்னோமே அக்கா" என்றார் அவர். "காலையில ஒரு அண்ணே, பேங்குக்குப் போற வழியில, வந்து நின்னு கேட்டாரு. கொஞ்சம் திக்கித் திக்கிப் பேசுவாரு. பதினோரு மணிக்கு லைன் கட்டாவும், சாயங்காலம்தான் வரும்னு சொன்னேன். என் வீட்டுக்காரி மேலதான் இருக்கா, சொல்லிட்டு வந்துர்றேன்னு ஓடுனாரு."

அக்கா நடுத்தெருவிலேயே நின்றுவிட்டார். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் ஹாரன் அடித்தது. நான் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன்.

வெல்ட் கீ படகுத்துறையில்தான் அண்ணன் இருந்தார். காத்திருக்கும் கூடத்தின் கடைசி பெஞ்சில், படகு ஏறாமல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஓரமாக நின்றேன். போய்விடலாம் என்று நினைத்தேன், ஆனால் அக்கா என் கையை விடவில்லை.

"லைன் போவுதுன்னு சொல்ல வந்தீங்க" என்றார். "தெரிஞ்சிருந்தா நான் இன்னைக்கு மார்க்கெட்டத் தொட்டிருக்கவே மாட்டேன்."

அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார். "நி... நிறைய போச்சா?"

"போச்சு. அத விடுங்க. நீங்க பேசுங்க. நான் வாயத் திறக்க மாட்டேன்."

படகு வந்து சேர்ந்தது, ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பிறகு அண்ணன் தொடங்கினார். அவர் அன்று பேசியதை நான் இங்கே நேராக எழுதிவிடுகிறேன். ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் எடுத்துக்கொண்ட நேரத்தை என்னால் எழுத முடியவில்லை.

"நீ முடிச்சு வெக்கிறது இருக்கே. அதுல பாதி, நான் சொல்ல வந்ததே இல்ல."

அக்காவின் பிடி இறுகியது. "எது? எதெல்லாம்?"

"மீன் கெடைக்காம இல்ல. எனக்கு முட்டை சாப்பிடணும்போல இருந்துச்சு." அவர் லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "நாலு வருஷம் முன்னாடி, ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்து, 'வேலைய வி...' அப்டின்னு ஆரம்பிச்சேன். 'விட்டுடலாம்னு பாக்குறீங்க, விட்டுடுங்க, நான் பாத்துக்கறேன்'னு நீ சொல்லிட்ட."

அக்காவின் உதடுகள் அசைந்தன. அவர் தன் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வேலைய விட வேணாம்னு சொல்றாங்க. அதான் சொல்ல வந்தேன். புதுசா வர்ற பசங்களுக்கு ஃபோர்க்லிஃப்ட் சொல்லிக் குடுக்க என்னை இருக்கச் சொன்னாங்க. எனக்கும் ஆசையாதான் இருந்துச்சு."

கையை எடுத்துவிட்டு, "ஏன் அப்பவே சொல்லல?" என்றார் அக்கா.

"நீ ரொம்ப சந்தோஷமா இருந்த. மறுநாளே கேக்கு வேற வாங்கிட்டு வந்துட்ட."

அக்கா எழுந்தார். கூடத்தின் கம்பித் தடுப்புவரை போனார், திரும்பி வந்தார், மறுபடி போனார். அழவில்லை. அவருக்கு அழத் தெரியுமா என்றே எனக்குத் தெரியாது. கடைசியில் வந்து அவர் முன்னால் நின்று, "வேற?" என்றார்.

"வேற நிறைய இருக்கு" என்றார் அண்ணன்.

நான் மெல்ல அங்கிருந்து விலகித் தெருவுக்கு நடந்தேன். அந்தப் பெரியவரின் நினைவு அட்டை ஞாபகம் வந்தது. அவர் உண்மையிலேயே அதைத்தான் சொல்ல வந்தாரா? எனக்கு இன்றுவரை தெரியாது.

மாதக் கடைசியில் அக்கா என் அறையைக் காலி செய்தார். வியாபாரத்தை விடவில்லை. வீட்டிலிருந்தே செய்கிறார், கோலாலம்பூர்க் கணினியையும் வைத்திருக்கிறார், அது இன்னும் ஒரு மில்லிசெகண்டில்தான் ஓடுகிறது. அவசரமும் குறையவில்லை. சாமான்களை இறக்கியபோது மேசையைத் தூக்க வந்த ஆட்களுக்கு முன்னால் தானே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி முழங்காலில் அடிபட்டுக்கொண்டார்.

ஆனால் இரண்டு மாதம் கழித்து ஃபோன் வந்தது. அண்ணனுக்கு வேலை விண்ணப்பம் ஒன்று டைப் அடிக்க வேண்டுமாம். இருவரும் வந்தார்கள். அண்ணன் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். அரைப் பக்கக் கடிதத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. அக்கா கீழே தெருவில் நின்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பணம் மாற்றும் கடைக்கும் நாசி கண்டார் சோற்றுக்கடைக்கும் இடையே போய் வந்துகொண்டிருந்தார்.

நேர்காணல் பட்டர்வொர்த் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கில். என் வீடு புக்கிட் மெர்தாஜாமில், வழியில்தானே என்று நானே காரில் கூட்டிப் போனேன். அலுவலகத்தின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அண்ணன் போனதும், அக்கா வரவேற்பறையிலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டார்.

"உள்ள பெஞ்சு இருக்கேக்கா."

"வேணாம்மா. சத்தம் கேக்குற தூரத்துல இருந்தா என் வாய் நிக்காது."

வெயிலில் நடந்தார். ஒவ்வொரு நடைக்கும் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். "அந்த ஆபீசர் வாய அசைக்கிறான் பாரு. இவரு வார்த்தைய அவன் முடிச்சு வெக்கிறானா?"

"இல்லக்கா. இருமுறாரு."

"ரொம்ப நேரமாச்சு. எங்க வந்திருப்பாரு இப்ப? பேரு சொல்லியிருப்பாரா?"

அரை மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. அண்ணன் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். அக்கா ஓடிப்போய் நின்றார், எதுவும் கேட்கவில்லை.

"தி... திங்கக்கிழமை..." என்றார் அண்ணன்.

மீதி வாக்கியம் அக்காவின் உதட்டில் வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். எனக்கே அது தெரிந்திருந்தது. அவர் கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். ஒரு நீள லாரி கிடங்கின் வாசலில் திரும்பி, உள்ளே போய், சத்தம் அடங்கியது.

"...வ... வரச் சொன்னாங்க. மு... முடியாதுன்னுட்டேன். பு... புதன்கிழமைதான் வருவேன்னு சொன்னேன்."

"என்னது? ஏன் புதன்கிழமை? திங்கக்கிழமைக்கு என்னா?"

அண்ணனின் முகம் முழுக்கச் சிரிப்பு. ஃபைலை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு, காரணத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். நான் கையில் எடுத்திருந்த கார்ச் சாவியைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டேன்.